பழகுநர் பைக்கின் கதை

1961க்கு முன் பிரிட்டனில் பழகுநர் எவ்வளவு பெரிய பைக்கிலும் 'எல்' பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அந்த ஆண்டுதான் 250 சிசி என்று கோடு கிழித்தார்கள்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 250ஐ ரேஸ் பைக் கணக்காக அலங்கரித்து இறக்கியது. (திருவொற்றியூரில் புல்லட் செய்தார்களே, அதே பெயர்தான்.) 1978இல் வந்த சுசுகி எக்ஸ்7 மணிக்கு 100 மைல் போவேன் என்று மார்தட்டியது. சிசியை மட்டும் பார்த்த சட்டத்தின் லட்சணம் இது! 1983இல் பழகுநர் வரம்பு 125 சிசி, 12 குதிரைத்திறன் என்று இறங்கியது.

2013 ஜனவரியில் பழகுநர் பைக்குக்கு அடுத்த படியான ஏ2 உரிமம் வந்தது: குறைந்தது 19 வயது, அதிகபட்சம் 35 கிலோவாட், எடையில் கிலோவுக்கு 0.2 கிலோவாட். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். முழு 35 கிலோவாட் வேண்டுமென்றால் வண்டி குறைந்தது 175 கிலோ இருந்தாக வேண்டும். 125 சிசியை விற்றுவிட்டு அடுத்த வண்டி தேடும் குள்ளமானவருக்கு இது தலைவலி. கால் எட்டுமா என்பதைச் சட்டம் கேட்கவே இல்லை.

அதை ஹோண்டா கேட்டது. 2013இல் வந்தபோது சிபி500எக்ஸின் இருக்கை 810 மில்லிமீட்டர் உயரம். அதே 471 சிசி எஞ்சினோடு 2017இல் வந்த ரெபெல் 500இல் 690தான். ஆனால் உயரம் பாதிக் கதை. இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து குதிகால் தூக்கிக்கொள்ளும். முன்பணம் கொடுக்குமுன் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்து பாருங்கள்.