மார்ஷல் பல்கலைக்கழகக் குழுவின் 1971: எட்டுத் தோல்வி, இரண்டு வெற்றி

பத்து ஆட்டங்களில் எட்டுத் தோல்வி கண்ட ஒரு குழுவை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழகக் குழு 1971-இல் அப்படித்தான் தோற்றது. ஆனாலும் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு வரலாற்றில் அந்தப் பருவத்துக்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டு குழு ஒன்று இருக்குமா என்பதே முதலில் கேள்வியாக இருந்தது.

இங்கே சொல்லப்படுவது நம் ஊர்த் திடல்களில் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், வீசியும் ஆடும் அமெரிக்கக் காற்பந்து. ஒரு நேரத்தில் திடலில் பக்கத்துக்கு 11 பேர் நிற்பார்கள். எதிர்க் குழுவின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதற்கு 'டச் டவுன்' என்று பெயர். கல்லூரிக் குழுக்களின் வழக்கமான ஆட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நடக்கும். சிறு பட்டணங்களில் கல்லூரிக் குழுதான் ஊரின் குழு.

ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள ஹண்டிங்டன் அப்படிப்பட்ட ஒரு பட்டணம். மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. மார்ஷல் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது.

நவம்பர் 14, 1970

அன்று மார்ஷல் குழு வட கரோலைனா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் ஈஸ்ட் கரோலைனா குழுவுடன் ஆடி, 17-14 எனத் தோற்றது. பெரும்பாலும் பேருந்திலேயே வெளியூர் ஆட்டங்களுக்குச் சென்ற குழு, அன்று வாடகை விமானத்தில் வந்திருந்தது. மழையும் மூட்டமுமான இரவில், ஹண்டிங்டன் அருகே தரையிறங்க வேண்டிய டிசி-9 விமானம் ஓடுபாதைக்கு முன்னரே ஒரு குன்றின் மரங்களில் மோதி நொறுங்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இறந்தவர்கள் 75 பேர். ஆட்டக்காரர்கள் 37, தலைமைப் பயிற்றுநர் ரிக் டோலி உட்படப் பயிற்சிக் குழுவினர் 8, குழுவுக்குத் துணை நின்ற ஊர்மக்கள் 25, விமானத்தைச் சேர்ந்தோர் 5. குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. பெற்றோரில் ஒருவரையாவது இழந்த பிள்ளைகள் 70 பேர். அவர்களில் 18 பேர் தாய், தந்தை இருவரையும் இழந்தார்கள். அடையாளம் காண முடியாத ஆறு ஆட்டக்காரர்களின் உடல்கள் ஊர் இடுகாட்டில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டன.

மீண்டும் ஒரு குழு

காற்பந்தையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சு பல்கலைக்கழகத்தில் எழுந்தது. இறந்தவர்களின் இடத்தில் வேறு யாரை நிறுத்துவது என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். ஆட்டத்தை நிறுத்தினால் அவர்கள் பெயரும் மறைந்துவிடும் என்றவர்கள் மறுபக்கம். இறுதியில் ஆடுவது என்று முடிவாயிற்று.

1971-இல் ஒஹாயோவின் வூஸ்டர் கல்லூரியிலிருந்து ஜேக் லெங்கயல் தலைமைப் பயிற்றுநராக வந்தார். பழைய குழுவின் துணைப் பயிற்றுநர் ரெட் டாசன் உடன் நின்றார். விபத்து நாளன்று புதிய மாணவர்களைத் தேடிக் காரில் சென்றதால் உயிர் பிழைத்தவர் அவர். காயத்தால் அந்தப் பயணத்துக்குச் செல்லாத நேட் ரஃபின் உட்படப் பழைய ஆட்டக்காரர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருந்தனர்.

அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் குழுவில் ஆட முடியாது. மார்ஷலுக்கு அந்த விதி தளர்த்தப்பட்டது. வேறு விளையாட்டுகளில் இருந்தவர்களும் குழுவில் சேர்ந்தார்கள். அனுபவமில்லாத பிள்ளைகளுக்கு ஏற்ற எளிய ஆட்டமுறை தேவைப்பட்டது. அதே மாநிலத்தின் பெரிய குழுவான மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் பாபி பவுடன், தம் குழுவின் ஆட்ட உத்திகளை ஒளிவுமறைவின்றிக் கற்றுக்கொடுத்தார்.

கடைசி நொடி

செப்டம்பர் 18-இல் முதல் ஆட்டம். மோர்ஹெட் ஸ்டேட் குழுவிடம் 29-6 எனத் தோல்வி. ஒரு வாரம் கழித்து, விபத்துக்குப் பிறகு சொந்தத் திடலில் முதல் ஆட்டம். எதிரணி சின்சினாட்டியின் சேவியர் பல்கலைக்கழகம். கடைசிக் கட்டத்தில் சேவியர் 13-9 என முன்னணி. ஆட்ட நேரம் முடியும் தறுவாயில் ரெஜி ஆலிவர் வீசிய பந்தை டெர்ரி கார்ட்னர் பிடித்து எல்லைக் கோட்டைக் கடந்தார். மார்ஷல் 15, சேவியர் 13. கூட்டம் வெகுநேரம் திடலை விட்டுக் கலையவில்லை.

அதன்பின் பவுலிங் கிரீன் குழுவை 12-10 என வென்றார்கள். மற்ற ஆட்டங்கள் எல்லாம் தோல்வி. லெங்கயல் நான்கு ஆண்டுகளில் 9 ஆட்டங்கள் வென்று 33-இல் தோற்றார். வெற்றிகள் தோல்விகளை மிஞ்சிய பருவத்தைக் காண மார்ஷல் 1984 வரை காத்திருந்தது. பிறகு 1992-இலும் 1996-இலும் தன் பிரிவில் தேசிய வாகையர் பட்டம் வென்றது. 1999-இல் 13 ஆட்டங்களிலும் தோல்வியே காணவில்லை. இந்தக் கதையை 2006-இல் 'வீ ஆர் மார்ஷல்' என்ற ஹாலிவுட் படம் உலகுக்குச் சொன்னது. அதில் லெங்கயலாக நடித்தவர் மேத்யூ மெக்கானஹே.

பல்கலைக்கழக வளாகத்தில் 1972 நவம்பரில் ஒரு நினைவு நீரூற்று திறக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 அன்று மாணவர்களும் ஊர்மக்களும் அங்கே கூடி, இறந்தவர்களின் பெயர்களைப் படிக்கிறார்கள். பின் நீரூற்று நிறுத்தப்படுகிறது. அது மீண்டும் ஓடுவது, அடுத்த வசந்த காலத்தில்.