முதல் டேபிள்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அப்பா வாசலை ஒட்டிய முதல் டேபிளில்தான் உட்காருவார். உள்ளே ஏசி ஹால் காலியாகக் கிடக்கும். "வாங்கப்பா, உள்ள போலாம்" என்றால், "இங்கயே இருக்கட்டும்டா, காத்து வருது" என்பார். ஃபேன்கூட எட்டாத டேபிள் அது. காற்று வெறும் சாக்கு என்று எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது. சொந்த ஊர் டீக்கடையில் வெளியே நின்று, தனி கிளாஸில் குடித்து, தானே கழுவி வைத்த கை அவருடையது.

செயின் ஹோட்டல் என்றால் நமக்கு என்ன? ஒரே போர்டு, ஒரே சீருடை, கிளைக்குக் கிளை மாறாத சாம்பார். காசு கொடுத்தால் இலை. நீ யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் இது தானாக வந்த ஏற்பாடு இல்லை.

மதராஸின் பழைய காபி கிளப்புகளில் பலவற்றில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது. ரயில் நிலைய உணவகங்களிலும் அதே பிரிவினை. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941ல்தான் அது போனது. 1950ல் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உணவகத்துக்குள் நுழைய சாதி தடையாகக் கூடாது என்று எழுதி வைத்தது. அதற்குப் பிறகும் பெயர்ப் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கிக்கொண்டிருந்தது. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் மறியல் தொடங்கினார். பல மாதங்கள் மறியல், கைது, மறுபடி மறியல். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது.

இதே காலத்தில் நகரத்துக்கு மேற்கே வேறொரு சாப்பாட்டு மேசை உருவாகிக்கொண்டிருந்தது. 1949ல் அம்பத்தூருக்கு டி.ஐ. சைக்கிள் வந்தது, பிறகு டன்லப் வந்தது, அறுபதுகளில் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் ஃபேக்டரியும் வந்தன. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வைக்கச் சொல்லலாம் என்றது 1948ஆம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டம். சைரன் அடித்ததும் டோக்கனோடு ஒரே வரிசை, ஒரே மாதிரி தட்டு. "பக்கத்துல யாருன்னு பாக்காம மொத மொதல்ல சாப்ட்டது கேன்டீன்லதான்டா" என்பார் அப்பா. சட்டப் புத்தகத்தில் இருந்த சமத்துவம் அவர் கைக்கு வந்தது அலுமினியத் தட்டு வழியாக.

1981ல் கே.கே. நகரில் சரவண பவன் தொடங்கியது. உடுப்பிக்காரர்களும் பிராமணர்களும் கோலோச்சிய சைவ ஹோட்டல் தொழிலில், ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளேயே விடப்படாத நாடார் சமூகத்திலிருந்து வந்த ராஜகோபால் அதை ஒரு செயினாக வளர்த்தார். பின்னாளில் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2019ல் இறந்தார். அந்தக் கதையை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் சமைப்பவர் சாதி எது என்ற கேள்வியின் பல்லைப் பிடுங்கியதில் இப்படிப்பட்ட ஹோட்டல்களுக்குப் பங்குண்டு.

முழுசாகப் பிடுங்கியதா? பூந்தமல்லி ரோட்டில் போகும்போது போர்டுகளைப் படித்துப் பாருங்கள். 'உயர்தர சைவ உணவகம்'. 'பிராமணாள்' போன இடத்தில் 'உயர்தர' உட்கார்ந்திருக்கிறது. சைவம் உயர்தரம் என்றால் எங்கள் வீட்டுக் குழம்பு எந்தத் தரம்?

அதே 1957ல்தான் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு பிரியாணிக் கடை போட்டார். தலைப்பாகை கட்டியவர் என்பதால் கடைக்கும் அதுவே பெயரானது. சீரகச் சம்பா பிரியாணி இன்று சென்னையெங்கும் செயினாக நிற்கிறது. கறி சாப்பிடுவது ஒளித்துச் செய்யும் காரியம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏசியில் உட்கார்ந்து செய்யும் காரியம் என்றானதில் இந்தக் கடைகளுக்குப் பெரிய பங்கு.

போன மாதம் அப்படி ஒரு பிரியாணிக் கடைக்குப் போனோம். என் மகள் நேராக ஓடி உள்கோடி சோஃபாவில் ஏறிக்கொண்டாள். அப்பா வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார். நன்றாகச் சாப்பிட்டார். முடித்ததும் பழக்க தோஷத்தில் தன் இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வைங்கய்யா, நாங்க எடுத்துக்குறோம்" என்றான் சர்வர் பையன்.

அப்பா இலையைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.