பிறர் செய்த பொருத்தனை: சுவார்ட்ஸ் ஐயர் வரலாற்றில் ஒரு நோக்கு

‘பொருத்தனை’ என்னும் சொல் நம் சபைகளில் மிகக் குறுகிய பொருளில் வழங்குகின்றது. நோய் நீங்கினால் இவ்வளவு, மகனுக்கு வேலை கிடைத்தால் இவ்வளவு என்று சொல்லி, காரியம் கைகூடியபின் உறையிலிட்டுப் படைப்பதையே மக்கள் பொருத்தனை என்கின்றனர். அதனை நாம் இகழ்வதற்கில்லை. ஏழைகள் பலர் வயிற்றைக் கட்டியும் அதை நிறைவேற்றக் கண்டிருக்கிறோம். ஆயினும் நம்மில் பெரும்பாலோருக்குத் தேவனோடுள்ள முதல் உடன்படிக்கை நாமே வாய்திறந்து செய்ததன்று. ஞானஸ்நானத் தொட்டியருகே நம்மை ஏந்தி நின்றோர் நமக்காகச் சொன்னது அது. 1521இல் துறவற வாக்குகளை ஆராய்ந்து நூல் எழுதிய லுத்தரும், ஞானஸ்நானத்துக்கு மேற்பட்ட வாக்கு ஒன்றுண்டென்பதை ஏற்கவில்லை. அங்ஙனமாயின், பிறர் செய்த வாக்கு ஒருவனுடைய சொந்த வாக்காவது எவ்வாறு? இவ்வினாவிற்குச் சுவார்ட்ஸ் ஐயரின் வரலாறு வழிகாட்டுகின்றது.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிராண்டன்பர்க் நாட்டுச் சொன்னன்பர்க்கில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தைச் சேர்ந்தது. மகன் சிறு குழந்தையாயிருக்கையில் தாயார் மரணப்படுக்கையிலானார். கணவரையும் சபைக் குருவானவரையும் அழைத்து, இப்பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டதாகவும், அவன் ஊழியத்தை நாடினால் தடுக்கலாகாதென்றும் வேண்டிக்கொண்டார். அன்னாளோ ஆண்டுதோறும் சிறு சட்டை தைத்துக் கொண்டுபோய்ச் சாமுவேலைக் கண்டாள். இத்தாய்க்கு அதுவும் வாய்க்கவில்லை. ஹாலேயில் தமிழ் கற்ற சுவார்ட்ஸ் 1749இல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750இல் தரங்கம்பாடி வந்தார். பின்னர்த் தாய்நாடு திரும்பவேயில்லை.

ஓய்வுநாள் பள்ளிக் கதைக்கு இவ்வளவு போதும். ஆனால் அத்தாயின் வாக்கு மகனுடையதாயிற்று என்பதற்கு, கப்பலேறியதைவிட உறுதியான சான்று நெற்கணக்கில் கிடைக்கின்றது.

1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துள் புகுந்தது. அப்போரில் தஞ்சைக் கோட்டையில் உணவு அருகிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகள் இல்லை. முன்பு உழைத்துக் கூலி பெறாமல் ஏமாந்த குடிகள், ஆணைமேல் ஆணை பிறந்தும் அசையவில்லை. தம் கையாலேயே பணம் தருவதாகச் சுவார்ட்ஸ் ஐயர் சொல்லியனுப்பினார். ஓரிரு நாட்களில் 1,000 மாடுகள் வந்தன. சிறிது காலத்தில் 80,000 கலம் நெல் உள்ளே சேர்ந்தது. ஆபத்து நீங்கியபின் ஒவ்வொருவருக்கும் கொடுத்துத் தீர்த்தார். அதற்காகப் பிறருக்குரிய பணத்திலும் சிறிது எடுக்க நேர்ந்ததென்று தம் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சபைப் பணத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கும் நமக்கு இவ்வரி இடறலாகத் தோன்றலாம். அதை நாம் மாதிரியாகக் கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் மாட்டுக்காரனிடம் சொன்ன சொல்லையும் தேவசமுகத்தில் சொன்ன சொல்லாகவே அவர் கருதினாரென்பது அதனால் விளங்குகின்றது.

மற்றொரு சமயம், விளைச்சலைப் பறிகொடுத்து ஊரைவிட்டு ஓடிய குடிகள் அரசர் அழைத்தும் வரவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் பிணைநின்றபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர் என்பதை நம் மாணவர் கவனிக்கவேண்டும். அவர்கள் அவருடைய உபதேசத்தை ஏற்கவில்லை; அவருடைய சொல்லை ஏற்றனர்.

எனினும் அவர் எடுத்ததெல்லாம் இனிதே முடிந்ததென்று நாம் எழுதினால் அது சரித்திரமாகாது. 1787இல் மரணத்தறுவாயிலிருந்த துளஜாஜி அரசர், தாம் சுவீகாரம் கொண்ட சிறுவன் சரபோஜியை ஐயர் கையில் ஒப்புவிக்க விரும்பினார். தனியே அப்பொறுப்பை ஏற்கலாகாதென்று மறுத்த ஐயர், அரசரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்புவிக்குமாறு ஆலோசனை கூறினார். அவ்வாலோசனை பொய்த்தது. அமர்சிங் தாமே அரசரானார். சிறுவன் அடைபட்டுத் துன்புற்றான். தாம் கூறிய ஆலோசனையின் விளைவைப் பிறர்மேல் போட்டுவிட்டு ஐயர் ஒதுங்கவில்லை. கம்பெனியாரிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டு, 1793இல் சிறுவன் சென்னைக்குச் சென்று பாதுகாப்பிலிருந்து கல்வி பெற வழிசெய்தார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் மரித்தார். சரபோஜி அரியணை ஏறியது அவ்வாண்டு ஜூன் மாதத்தில். அம்மன்னர் ஃபிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக்கொண்டு செய்வித்த சலவைக்கல் நினைவுச்சின்னம் தஞ்சை ஆலயத்தில் உள்ளது. அதில், படுக்கையிற் கிடக்கும் முதிய குருவின் கையைப் பற்றியவாறு சரபோஜி நிற்கிறார்.