எடி ராபின்சனின் 408 வெற்றிகள்: ஓர் எண்ணை வாசிக்கும் முறை

1985 அக்டோபர் 5 அன்று டல்லாஸ் நகரில் கிராம்பிளிங் பல்கலைக்கழக அணி, பிரெய்ரி வியூ அணியை 27–7 என்ற கணக்கில் வென்றது. அதன் பயிற்றுநர் எடி ராபின்சனுக்கு அது 324ஆவது வெற்றி. அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்றுநர் ‘பேர்’ பிரையன்ட் விட்டுச்சென்ற 323 என்ற சாதனையை அவர் கடந்தார். உடனே ஒரு மறுப்பும் எழுந்தது: கறுப்பினக் கல்லூரிகளுக்கிடையே ஈட்டிய வெற்றிகளைப் பெரிய பல்கலைக்கழகங்களின் வெற்றிகளோடு எவ்வாறு ஒப்பிட இயலும்? இக்கேள்விக்கு விடை காண, அந்த எண்கள் உருவான சமூக அமைப்பை முதலில் நோக்க வேண்டும்.

ராபின்சன் 1919இல் லூசியானாவின் ஜாக்சன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வாரத்துக்குப் பயிரிட்ட உழவர். தாய் வீட்டுவேலை செய்தவர். குடும்பம் பின்னர் பேட்டன் ரூஜ் நகரில் குடியேறியது. அந்நகரிலேயே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் இன ஒதுக்கல் சட்டங்களின் கீழ் அதன் கதவு கறுப்பின மாணவருக்குத் திறக்கவில்லை. எனவே அவர் லேலண்ட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் பயின்று, அதன் அணியில் குவார்ட்டர்பேக்காக ஆடினார்.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. ஒவ்வொரு நகர்வின் தொடக்கத்திலும் பந்தைக் கையில் வாங்கி, அதை எறிவதா, மற்றொருவரிடம் அளிப்பதா, தாமே கொண்டு ஓடுவதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்பவர் அவரே. அதனாலேயே தொழில்முறைக் கால்பந்தில் அவ்விடம் நெடுங்காலம் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. தேசியக் கால்பந்து லீக் 1934 முதல் 1945 வரை கறுப்பின ஆட்டக்காரர் எவரையும் சேர்க்கவில்லை. தடை நீங்கிய பின்னரும், கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக விளங்கிய கறுப்பின இளைஞர்கள் தொழில்முறை அணிகளில் பந்தைப் பிடிப்போராகவோ தடுப்போராகவோ மாற்றப்பட்டனர். உடல்வலிமையை ஒப்புக்கொண்டவர்கள் முடிவெடுக்கும் ஆற்றலை ஒப்புக்கொள்ளவில்லை.

பட்டம் பெற்ற ராபின்சன், தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது, 1941இல் கிராம்பிளிங்கில் அவருக்குப் பயிற்றுநர் பணி கிடைத்தது. மாத ஊதியம் 63.75 டாலர். உதவியாளர் எவரும் இல்லை. ஆடுகளத்தில் புல் வெட்டியதும் வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப்போட்டதும் அவரே. வெளியூர்ப் பயணங்களில் உணவகங்கள் கறுப்பினத்தாரை ஏற்காததால், வீரர்களுக்கான உணவையும் கட்டிக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே, 1942இல், அவரது அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுத்தரவில்லை.

1949இல் அவரது மாணவர் ‘டேங்க்’ யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தேசியக் கால்பந்து லீகுக்குச் சென்ற முதல் ஆட்டக்காரர் அவர். பின்னர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கிராம்பிளிங்கிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றனர். ஆயினும் குவார்ட்டர்பேக் இடம் மட்டும் மூடியே கிடந்தது. 1968இல் டென்வர் அணியில் அவ்விடத்தில் ஆடித் திறம் காட்டிய மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின வீரர், மறு ஆண்டே பஃபலோ அணியில் பந்தைப் பிடிப்பவராக்கப்பட்டார். அதே 1969இல், அதே பஃபலோ அணியின் முதல் ஆட்டத்தில் ராபின்சனின் மாணவர் ஜேம்ஸ் ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கினார். வேறிடத்துக்கு மாற இசையாதபடி, அவ்விடத்துக்கென்றே ஹாரிஸ் பயிற்றுவிக்கப்பட்டிருந்தார். 1988 ஜனவரியில் மற்றொரு கிராம்பிளிங் மாணவர் டக் வில்லியம்ஸ், வாஷிங்டன் அணிக்காகச் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் எறிந்தார். வாஷிங்டன் 42–10 என வென்றது. சூப்பர் பவுலைத் தொடங்கி வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவரே.

ஆனால் கதவு திறந்தது ராபின்சனின் அணிக்கு இழப்பாகவும் முடிந்தது. அலபாமாவின் முதல் கறுப்பின உதவித்தொகை வீரர் 1970இல்தான் சேர்ந்தார். அதன்பின் தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் கறுப்பின இளைஞர்களை நாடின. பணமும் அரங்கமும் தொலைக்காட்சியும் உள்ள இடத்துக்குத் திறமை பெயர்ந்தது. முன்பு கிராம்பிளிங்குக்கு வந்திருக்கக்கூடியவர்கள், ராபின்சனைச் சேர்க்க மறுத்த லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே சென்றனர். 1997இல் 408 வெற்றிகளுடன் ஓய்வு பெற்ற அவருக்கு, இறுதி மூன்று பருவங்களிலும் வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதி. ஆட்டக்காரர்கள் பெரும் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்த வேகத்தில் பயிற்றுநர்கள் நுழையவில்லை. அலபாமா உறுப்பாக உள்ள தென்கிழக்குக் கூட்டமைப்பில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் அமர்த்தப்பட்டது 2003 டிசம்பரில். ராபின்சன் ஓய்வு பெற்று ஆறாண்டுகள் கழிந்த பின்னர்.

இந்தப் பின்னணியில் 1985ஆம் ஆண்டின் மறுப்பை மீண்டும் நோக்கலாம். ராபின்சன் தம் வெற்றிகளில் பெரும்பகுதியைச் சுவரின் ஒரு புறம் ஈட்டினார் என்பது உண்மை. பிரையன்ட்டும் 1970 வரை தம் வெற்றிகளைக் கறுப்பின வீரர் ஒருவரும் இல்லாத அணிகளைக் கொண்டே, சுவரின் மறுபுறத்தில் ஈட்டினார் என்பதும் அதே அளவு உண்மை. ஒருவரின் எண்ணுக்கு மட்டும் விளக்கக் குறிப்புக் கேட்பதும், மற்றவரின் எண்ணைத் தூய திறமையின் அளவாக எடுத்துக்கொள்வதும் வரலாற்று முறையாகாது. ஒதுக்கல் நிலவிய காலத்துச் சாதனைப் பட்டியல்கள் அனைத்துக்கும் அக்குறிப்பு தேவை. 408 என்ற எண் ராபின்சனின் உழைப்புக்குச் சான்று. அவருடைய தலைமுறைக்கு மறுக்கப்பட்ட முடிவெடுக்கும் இடத்துக்கு ஹாரிஸையும் வில்லியம்ஸையும் கொண்டுசேர்த்த பணிக்கோ, வெற்றிப் பட்டியலில் தனியாக ஒரு பத்தி இல்லை. 1998இல் ராபின்சனின் இடத்தில் கிராம்பிளிங்கின் பயிற்றுநராக அமர்ந்தவர் டக் வில்லியம்ஸ்.