காவிரிப் பெருமீனும் தூண்டில் அறமும்

பசிக்காக மீன் பிடிப்பவன், பிடித்ததை வீட்டிற்குக் கொண்டு செல்வதில் வினாவே எழுவதில்லை. பொழுதுபோக்காகத் தூண்டில் இடுபவன் கையில் பெருமீன் ஒன்று அகப்படும்போதுதான் அறம் பற்றிய வினா பிறக்கின்றது. அதனைக் கொல்வதா? ஆற்றுக்கே திருப்பித் தருவதா? இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிய வரலாறு காவிரியாற்றுக்கு உண்டு.

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழும் பெருமீன் ஒன்று உளது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அதனை மாசீர் என்பர். முதுகு திமில்போல் உயர்ந்திருப்பதால் திமில் மாசீர் என்பதும் அதன் பெயர். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் 1873ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டிற்கலை பற்றி நூலொன்று எழுதி, மாசீரின் வலிமையை ஆங்கில நாட்டின் சால்மன் மீனுக்கும் மேலாகப் போற்றினார். அதன்பின் காவிரிக்கரையை நாடி வந்த ஆங்கிலேயர் பலர். 1919ஆம் ஆண்டில் 119 இராத்தல் மாசீரும், 1946ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் 120 இராத்தல் (ஏறத்தாழ 54 கிலோகிராம்) மாசீரும் பிடிபட்டன. பெருமீனைக் கொன்று எடை பார்ப்பதே வீரம் என்றிருந்த காலம் அது. கொல்லப்பட்டது ஒரு மீன் மட்டுமன்று, அதன் வயிற்றில் வளரவிருந்த தலைமுறைகளும் என்பதை அக்காலத்தார் எண்ணவில்லை. மீன் இனங்களில் பெரிய பெண்மீனே மிகுதியான முட்டையிடும். ஆதலின் பெருமீனை இழக்கும் ஆறு தன் விதைநெல்லை இழந்த கழனியை ஒக்கும்.

வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்லும் கொடுமையை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்தது. எனினும் சட்டம் ஏட்டில் நின்றது; ஆற்றில் வெடியோசை ஓயவில்லை. நாடு விடுதலை பெற்றபின் மாசீரைப் பெரும்பாலோர் மறந்தே போயினர். 1977-78ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டிற்காரர் மூவர் காவிரியில் பெரு மாசீர்களைப் பிடித்துக் காட்டியபோதுதான் அம்மீன் இன்னும் வாழ்கின்றது என்பதை உலகம் உணர்ந்தது. அதனைத் தொடர்ந்து கர்நாடகப் பகுதியில் பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் எழுந்தன. பிடித்த மாசீரை எடை பார்த்து, படமெடுத்து, உயிருடன் ஆற்றில் விடவேண்டும் என்பது அங்கு விதியாயிற்று. முன்னர்க் களவாய் மீன் பிடித்தோர் சிலர் அம்முகாம்களில் வழிகாட்டிகளாயினர். உயிருள்ள மீனால் ஊதியம் வரக் கண்டவர்கள் ஆற்றைக் காவல் புரிந்தனர்.

விடுதல் வென்றது எனப் பலரும் மகிழ்ந்தனர். ஆயினும் வரலாறு அத்துணை எளிதாய் முடியவில்லை. 1998 முதல் 2012 வரை கலிபோரேயில் தூண்டிற்காரர் எழுதி வைத்த குறிப்பேடுகளை ஆய்வாளர் பின்னர்ப் புரட்டினர். பிடித்து விடப்பட்ட மாசீர்கள் 6,000க்கும் மேற்பட்டவை. மாசீர்களின் தொகை பெருகியிருந்தது. ஆனால் பெருகியது திமில் மாசீர் அன்று, நீலத்துடுப்பு மாசீரே. வேற்றாற்றினமாகிய அதனை, மீன்வளம் பெருகட்டும் என்னும் நல்லெண்ணத்தால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்துக் காவிரியில் விட்டிருந்தனர். திமில் மாசீரோ ஆண்டுதோறும் எண்ணிக்கையில் குறைந்தது. அகப்பட்ட சிலவற்றின் எடையோ கூடிக்கொண்டே சென்றது. இதன் பொருள் அச்சந்தருவது. முதியவை மட்டும் எஞ்சின, இளையவை தோன்றவில்லை. தூண்டிற்காரரின் மகிழ்ச்சிக்குக் காரணமான பெருமீன்கள் உண்மையில் வாரிசற்ற மூப்பர்களாய் இருந்தன.

2012ஆம் ஆண்டில், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காப்பகத்திற்குள் தூண்டிலிடுதல் தடைப்பட்டது. மீனுக்குத் துன்பம் தருவது விளையாட்டாகலாமா என்பது தடையை வரவேற்றோரின் வினா. அவ்வினா வலிமையற்றதன்று. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விலங்குப் பாதுகாப்பு விதிகள், விடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதை ஏற்கவில்லை. உணவுக்கன்றி உயிரை வருத்தலாகாது என்பது அவ்விதியின் உட்கிடை. காவிரிக்கரையில் எழுந்த அச்சமோ வேறு: தூண்டிற்காரர் நீங்கினால் ஆற்றின் காவலும் நீங்கும், வெடிவைப்போர் மீண்டும் வருவர். இரு தரப்பிலும் ஓர் அறம் இருந்தது. ஒன்று தனி மீனின் துன்பத்தை நோக்கியது. மற்றொன்று இனத்தின் வாழ்வை நோக்கியது.

இத்துணைப் புகழ்பெற்ற மீனுக்கு அறிவியற்பெயர் உறுதியானது 2018ஆம் ஆண்டிலேயே என்பது வியப்புக்குரியது. கேரளத்தின் பாம்பாற்றில் முன்னரே கண்டறிந்து டோர் ரேமதேவி எனப் பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என, நீலகிரிச் சாரலில் ஓடும் மாயாற்று மீன்களைக் கொண்டு ஆய்வாளர் தெளிந்தனர். அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது. பெயரறியாத உயிரைக் காக்கப் பட்டியலில் இடமில்லை. பெயர் அறிந்தபோதோ அவ்வுயிர் அருகிவிட்டது.

மலேசிய ஆறுகளின் கெலா மீனும் மாசீர்க் குலத்தின் உறவே. தாமான் நெகாராவில் தகான் ஆற்றின் லூபோக் தெனோர் மடுவில் அதற்குப் புகலிடம் அமைத்திருப்பதால், காவிரியின் பாடம் இந்நாட்டிற்கும் அயலானதன்று. பெருமீனை விடுவது கொல்வதினும் நன்று. ஆயினும் விடுதலோடு கடன் தீர்வதில்லை. விட்ட மீன் களைப்பு நீங்கிப் பிழைக்கின்றதா, அதன் குஞ்சுகள் வளர்கின்றனவா, அதன் இடத்தை வேற்றினம் கவர்கின்றதா எனப் பின்தொடர்ந்து நோக்கும் பொறுப்பும் உண்டு. கையை விட்டு மீன் நீங்கும் கணத்தில் தூண்டிற்காரனின் மகிழ்ச்சி முடிகின்றது. அவனது அறமோ அக்கணத்தில்தான் தொடங்குகின்றது.