கடல் கடந்த கைலி

வறண்ட ஊரின் வெயில் ஒரு வகை. நீர் சூழ்ந்த ஊரின் புழுக்கம் மற்றொரு வகை. எளாவூர் முதல் பழவேற்காடு வரை ஏரியை அடுத்து வாழ்வோர் இரண்டாவதை நன்கறிவர். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. கத்தரி வெயிலில், நிழலில் அமர்ந்தும் தவிப்புத் தீராமைக்குக் காரணம் இதுவே.

இப்புழுக்கத்துக்கு நம் முன்னோர் கண்ட துணைகள் இரண்டு. ஒன்று, சிப்பிகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு பூசிய சுவர். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பின்னர் வெளிவிடும். மற்றொன்று, வியர்வையை வாங்கிக் காற்றுக்கு வழிவிடும் மெல்லிய பருத்தித் துணி. பழவேற்காட்டின் பெயரைக் கடல் கடந்து நிலைநாட்டியது இத்துணியே என்பது நம்மில் பலர் அறியாத வரலாறு.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றுமுன்பே சோழமண்டலக் கரைத் துணிகள் அங்கு விலைபோயின. மரக்காயர்களின் மரக்கலங்கள் அவ்வணிகத்தில் பங்கு கொண்டிருந்தன. பின்னர் டச்சுக்காரர் விஜயநகர மன்னர் வேங்கடபதியின் இசைவு பெற்று, 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். அவர்கள் இங்கு நாடி வந்தது துணியையே! கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் பெற, அம்மக்கள் விரும்பிய சோழமண்டலத் துணி அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று.

மலாய் நாட்டிலோ ஆண்டு முழுவதும் புழுக்கந்தான். ஈர வெப்பத்தில் வாழ்ந்தோர் நெய்த துணியை, ஈர வெப்பத்தில் வாழ்ந்தோரே உவந்து ஏற்றனர். கட்டம் போட்ட கைலியை மலாய் முஸ்லிம்கள் இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே அழைக்கின்றனர். 'காயின்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்பது நம் பழவேற்காட்டின் திரிபு. வீட்டில் இளைப்பாறவும் பள்ளிவாசலில் தொழவும் அவர்கள் உடுத்துவது அதனையே.

1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆலைத்துணியின் வெள்ளத்தில் பழைய ஏற்றுமதியும் மறைந்தது. இன்று சிமெண்டுச் சுவர்களுக்குள், செயற்கை இழை ஆடையுடன், மின்விசிறியை நம்பி நாம் கோடையைக் கழிக்கிறோம். மின்சாரம் நின்றவுடன் அச்சுவரும் ஆடையும் நமக்கு உதவுவதில்லை.

கோட்டை இடிந்து மண்மேடாயிற்று. ஒரு துணியின் பெயரோ நானூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறது. அத்துணியை அளித்த அறிவு அந்நியர் நாவில் மட்டும் வாழ்ந்தால் போதுமா? நம் இல்லங்களிலும் அது வாழ வேண்டாமா?