வலம்புரியும் இடம்புரியும்

அறந்தாங்கியிலிருந்து கிழக்கே சென்றால் மணமேல்குடிக் கரையில் பாக் நீரிணையைக் காண்கிறோம். அலையடங்கிய இக்கடலும் இதற்குத் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவும் சங்குக்குப் பெயர் பெற்றவை. பரதவக் கிறித்தவரும் கீழக்கரை இசுலாமியரும் தலைமுறை தலைமுறையாக இங்குச் சங்கு குளித்தனர். உயிர்களில் புதுப்பண்பு எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவுக்கும் இச்சங்கு விடை கூறவல்லது.

சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கினைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். இடத்துக்கு இடம் சங்கின் உருவம் மாறுபடுவதை அதில் பதிவு செய்தார். முத்துச்சிப்பியின் இளவுயிர் இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்த பின்னரே அடியில் ஒட்டுகிறது. சங்கு அவ்வாறன்று. தாய்ச்சங்கு கிடாக்கொம்பு போன்ற முட்டைக்கூட்டை மணலில் ஊன்றுகிறது. குஞ்சுகள் சிற்றோட்டுடனேயே வெளிவந்து ஊர்கின்றன. பிறந்த இடத்தை விட்டு அவை நெடுந்தொலைவு செல்வதில்லை. எனவே ஒரு திட்டில் தோன்றும் மாறுதல் அங்கேயே தங்கித் தலைமுறைதோறும் திரள இடமுண்டு. ஒரே சங்கினம் ஊருக்கொரு வடிவம் கொண்டதன் காரணத்தை நாம் இங்கேதான் தேடவேண்டும்.

இனி வலம்புரி. நாம் வலம்புரி என்பதை மேனாட்டார் இடப்பக்கச் சுருள் என்பர். அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பதே காரணம்! பல இலட்சத்தில் ஒன்றாகக் கருதப்படும் இச்சுருள் ஏன் தோன்றுகிறது? சங்கின் உறவாகிய நன்னீர் நத்தையில் இதற்கு வழி கிடைத்தது. 1923-இல் பாய்காட், டைவர் என்போர் நத்தைகளை வளர்த்துக் கண்டதை, அதே ஆண்டில் ஸ்டர்ட்டெவண்ட் விளக்கினார்: சுருளின் திசையை முடிவு செய்வது குஞ்சின் மரபணுவன்று, தாயின் மரபணுவே. அம்மரபணு எதுவென 2016-இல் தெரிந்தது. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர் அதனைச் செயலிழக்கச் செய்ததும் திசை மாறிய குஞ்சுகள் பிறந்தன.

ஒரே ஒரு மரபணு மாறினால் உடலே கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிவிடுகிறது. ஆயினும் புதுமை தோன்றுவது எளிது, நிலைப்பது அரிது. எதிர்த்திசையில் சுருண்ட நத்தை இனங்கள் பலவற்றில் இணை சேர்வதே தடைப்படுகிறது. நம் வலம்புரிக்கோ மற்றொரு தடையும் உண்டு. கண்டெடுத்தவர் எவரும் அதனை மீண்டும் கடலில் விடுவதில்லை. பூசையறைக்கோ பெட்டகத்துக்கோ சென்றுவிடும் அது, சந்ததி எதையும் விட்டுச் செல்வதில்லை.